பவுனம்மாளின் இடது கால்

காத்திவாக்கத்துப் பவுனம்மாளுக்கு ஆறுதான் சோறு. ஓதம் இறங்கி ஆற்றில் தண்ணீர் வற்றும் வேளையில் பெண்கள் ஒருவர் கதவை ஒருவர் தட்டிக் கூட்டிக்கொண்டு போவார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் குந்தி, இறால் போடும் ஓலைப்பறியை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பாள். அப்படிப்பட்டவளுக்கு யானைக்கால் வந்தது. வருஷம் போகப் போக இடது கால் உரல்போலத் திரண்டுவிட்டது. கனம் தாங்காமல் ஆற்றுக்குப் போவதையே விட்டாள்.

சுனாமிக்கு மறுவருஷம் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா காலை அமுக்கிப் பார்த்தார். விரல் பதியவில்லை. நீர் தேங்கித் தேங்கி உள்ளே கொழுப்பாகவே இறுகிவிட்டது, கட்டுப் போட்டு இனி வடியாது, குழாய் விட்டு உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும் என்றார். மறுபடி ஆற்றில் இறங்க முடியுமா என்பது ஒன்றுதான் பவுனம்மாள் கேட்ட கேள்வி.

எடுத்தார்கள். அந்த வலியைச் சொல்லி மாளாது. ஆனால் கால் காலாகிவிட்டது. புருஷன் சின்னப்பையன் இரண்டு கையாலும் அதைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தான். டாக்டரம்மா இறுக்கமான காலுறை ஒன்றை மாட்டிவிட்டு, இதைப் பகலும் இரவும், உயிருள்ள மட்டும் போட வேண்டும், விட்டால் பழையபடி வீங்கும் என்று படித்துப் படித்துச் சொன்னார்.

புண் ஆறியதும் ஆற்றுக்குக் கிளம்பினாள். சேறு பட்டால் உறை வீணாகும் என்று கரையிலேயே கழற்றினாள். கூட இறால் தடவ வந்த சீனியம்மாள் விடவில்லை.

“உறைய கயட்டிட்டியே, கால் பெருத்துப்பூட்டா இன்னாடி பண்ணுவ?”

“தண்ணிக்குள்ள நின்னு பாரு. ஆறே சுத்தி இறுக்கிப் புடிச்சிக்கினு கீது. அதுக்கு மேல உறை எதுக்கு?”

பொய்யில்லை. தண்ணீரில் நிற்கிறவரை கால் பஞ்சாய்த்தான் இருந்தது. கரையேறினால்தானே சங்கதி. ஈரக்காலில் உறை ஏறாது. காய்ந்ததும் மாட்டலாம் என்பாள், அதற்குள் மார்க்கெட்டுக்கு ஓட வேண்டும், வந்து அசந்து படுத்தால் விடிந்துவிடும். உறை பாட்டுக்குக் கொடியில் தொங்கியது.

ஒருநாள் சிப்பி ஓடு குதிகாலைக் கிழித்தது. குளிர்க்காய்ச்சல் கண்டு கால் நெருப்பாய்ச் சிவந்தது. காய்ச்சல் இறங்கியது, வீக்கம் இறங்கவில்லை. புருஷனும் சீனியம்மாளும் பவுடர் தூவி இழுத்த இழுப்பில் உறை கெண்டைக்காலோடு நின்றுவிட்டது. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா கோபிக்கவில்லை. மறுபடி உறிஞ்சலாம், ஆனால் உறை போடாத காலுக்கு அது வீண், ஆறா காலா என்று நீயே சொல் என்றார். பவுனம்மாள் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

தண்ணீர் வற்றியதும் பறியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். சேறு அந்தக் கனத்த காலை முழங்கால்வரை வாங்கிக்கொண்டது, திருப்பித் தரவில்லை. கூட வந்த இரண்டு பெண்கள் அக்குளில் கைகொடுத்துப் பிடுங்கிக் கரையில் போட்டார்கள்.

“நீங்க போங்கடி. தண்ணி ஏறிடும்,” என்றாள்.

போனார்கள். அதற்குப் பிறகு தண்ணீர் வற்றும் வேளையில் அவள் வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை.