தாராவிக்குக் கொண்டுபோன ஜலதோஷம்

பம்பாயை நாங்கள் சீமையாகவே பாவித்துக்கொண்டோம். நிஜமான சீமைக்குப் போக அப்போது யுத்தம் விடவில்லை. யுத்தம் விட்டிருந்தாலும் எங்கள் அப்பாமார் விட்டிருக்க மாட்டார்கள். அதனால், திருநெல்வேலியில் வர்த்தகம் படித்துக்கொண்டிருந்த எங்களை, வியாபாரமும் நாகரிகமும் பார்த்து வரலாம் என்று புரொபசர் பம்பாய்க்கு ரயிலேற்றினார். தினமும் சாயங்காலம், அன்று பார்த்ததைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை.

எனக்கு அபிப்பிராயத்தைவிட அவசரமான காரியம் ஒன்று இருந்தது. பரீட்சை முடிந்ததும் பெரியப்பாவின் பலசரக்குக் கடையில், கல்லாவுக்குப் பின்னால் என்னைச் சம்மணம் போட்டு உட்காரவைப்பதாக வீட்டில் முடிவாகியிருந்தது. நானோ கல்யாணப் பந்தியில்கூடப் பாயசம் வரும்வரை உட்கார்ந்தவனில்லை. ஓரிடத்தில் கால் தரிக்காது. ஊர் திரும்புவதற்குள் பம்பாயில் ஒரு வேலையைப் பிடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆயுளுக்கும் சம்மணம்தான்.

அந்த ஊர் என் காலுக்கென்றே கட்டினதுபோல் இருந்தது. எல்லோரும் ஓடினார்கள். ரயில் நிற்பதற்கு முன்பே இறங்கினார்கள், கிளம்பின பிறகு ஏறினார்கள். நானும் காரணமில்லாமல் ஓடினேன். தாதரில் கூட்டத்தோடு ஓடி வேறு ஏதோ ரயிலில் ஏறிவிட்டு, திரும்பி வந்து புரொபசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் துணி மார்க்கெட்டில் பெரிய முதலாளிகள் வெள்ளை மெத்தையில் திண்டைப் போட்டுச் சாய்ந்தபடியே வியாபாரம் செய்தார்கள். நாற்காலி மேஜை இல்லாமல் கம்பெனி கிடையாது என்று எங்களுக்குப் பாடம் நடத்திய புரொபசர், பூட்ஸைக் கழற்றி அந்த மெத்தையில் ஏறியபோது அவருடைய காலுறையிலிருந்து கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. அதைப் பற்றி மட்டும் அன்று யாரும் அபிப்பிராயம் சொல்லவில்லை.

மாதுங்காவில் நாங்கள் தங்கிய மெஸ்ஸில் விடிவதற்குள் குழாய் நின்றுவிடும். இருட்டிலேயே குளித்துக் குளித்து எனக்கு ஜலதோஷம் பிடித்தது. மூக்கு முகத்தில் அழகுக்கு மட்டும்தான் இருந்தது. சாம்பாரிலும் காப்பியிலும் சூடு ஒன்றுதான் தெரிந்தது.

அந்த நிலையில்தான் தாராவிக்குப் போனோம். எங்கள் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் அங்கே தோல் பதனிடும் கொட்டகை வைத்திருந்தார். பட்டாளத்து பூட்ஸுக்கு அவருடைய தோல் போய்க்கொண்டிருந்தது. வாசலிலேயே வகுப்பு முழுக்கக் கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டது. நான் ஒருவன்தான் நந்தவனத்தில் உலாவுகிறவன் மாதிரி கையை வீசிக்கொண்டு நடந்தேன்.

"பட்டாளத்து ஆபீஸ்லருந்து தெனமும் காயிதம் வருது, எல்லாம் இங்கிலீசு," என்றார் அண்ணாச்சி. "கோட்டை ஆபீசுக்கும் துறைமுகத்துக்கும் அலையணும், வந்து எறங்குற சரக்கையும் பாக்கணும். ஒங்கள்ல எவனாது இருக்கியளா?"

கைக்குட்டைகள் எல்லாம் வாசல் பக்கம் நகர்ந்தன. "நான் இருக்கேன் அண்ணாச்சி," என்றேன்.

அவர் ஒரு தோல் கட்டை அவிழ்த்தார். "குனிஞ்சு பாருல. எப்படி இருக்கு?"

"அருமையா இருக்கு அண்ணாச்சி."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நாளைக்குக் காலைல தனியா வா. இன்னொரு தடவ பாத்துக்கிடுவோம்."

வெளியே வந்ததும் பக்கத்தில் நடந்த சிநேகிதன் கேட்டான்: "ஏலே, அதுக்குள்ள எப்படில நின்ன?"

"மன உறுதிதாம்ல," என்றேன்.

அண்ணாச்சி பார்த்ததை மெச்சுதல் என்றே எடுத்துக்கொண்டேன். மறுநாளும் இப்படியே நின்றுவிட்டால் வேலை என் பக்கம். ஆகவே, எப்பாடு பட்டாவது காலை வரைக்கும் அந்த ஜலதோஷத்தைக் காப்பாற்றியாக வேண்டும். தெருமுனையில் ஐஸ் வாங்கித் தின்றேன். தலையை நனைத்துக்கொண்டு மாடி வராந்தாவில் காற்றுக்கு எதிரே நடந்தேன். எல்லாம் மெஸ் மாமியின் கண்ணில் படும்வரைதான்.

"என்ன அம்பி, மூக்கடைச்சுண்டு பேசறே? சுக்கும் மெளகும் தட்டிப்போட்டுக் கஷாயம் தரேன், இரு."

"வேண்டாம் மாமி, தானாப் போயிடும்."

"தானாப் போறதுக்கு அதென்ன விருந்தாளியா?"

ராத்திரிச் சாப்பாட்டில் டம்ளரோடு என் இலைக்கு எதிரே வந்து நின்றாள். காலியாகும் வரை மோர் கிடையாது என்றாள். குடித்தேன். துரோகி மூக்கு, காலையில் காப்பி வாசனையோடு திறந்துகொண்டது.

தாராவிக்கு நடந்து போனேன். கொட்டகை கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு முன்னாலேயே நாற்றம் எதிர்கொண்டு வந்து அழைத்தது. கைக்குட்டை பையிலிருந்தால் கை போகும் என்று அதை மெஸ்ஸிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். அண்ணாச்சி நேற்றைய கட்டையே அவிழ்த்தார். என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"இப்ப எப்படி இருக்கு?"

"அருமையா இருக்கு அண்ணாச்சி."

"நாறலையா?"

"எனக்கு நாத்தமே தெரியாது அண்ணாச்சி. எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிப்பேன்."

அவர் கட்டை மூடினார். "அப்ப நீ ஊரு போய்ச் சேரு, தம்பி."

"ஏன் அண்ணாச்சி?"

"இது உப்புப் பத்தாம அழுகிப்போன தோலு. சரக்கு வண்டிய விட்டு எறங்கும்போதே மூக்கு சொல்லணும். மூக்கு இல்லாதவன வச்சு நான் என்ன செய்யட்டும்? நேத்தே சந்தேகப்பட்டேன்."

பெரியப்பாவின் கல்லா கண்முன்னே வந்தது. இரண்டு காலும் தாமாகவே சம்மணத்துக்கு மடங்குகிறாற்போல் இருந்தது.

"நாறுது அண்ணாச்சி," என்றேன். "குடலைப் புடுங்குது. இது மட்டுமில்ல, அந்தா மூலையில கெடக்குதே, அது இதைவிட நாறுது. சுண்ணாம்புத் தொட்டி வேற மாதிரி நாறுது." அதற்குமேல் பேச்சு வரவில்லை, மாமியின் இட்லிதான் வந்தது. வெளியே ஓடினேன்.

அண்ணாச்சி மூலைக் கட்டை முகர்ந்து பார்த்து, அதையும் வெளியே எடுத்துப் போடச் சொன்னார். பிறகு செம்பில் தண்ணீரோடு வந்தார். "இம்புட்டு நல்ல மூக்க வச்சுக்கிட்டு நேத்து எங்கல போயிருந்த?"

"சளி அண்ணாச்சி."

தோள் துண்டு நழுவி விழும்வரை சிரித்தார். "பரீட்ச முடிஞ்சதும் வந்து சேரு. இன்னைக்குப் பொழுதுக்கும் இங்கனயே சுத்திப் பழகிக்கோ."

சாயங்காலம் வரை தொட்டிக்குத் தொட்டி சுற்றிவிட்டு, நேரே ஸ்டேஷனுக்குப் போனேன். அன்றுதான் ஊருக்கு ரயில். "மிஸ்டர், உம்முடைய அபிப்பிராயத்தை அங்கிருந்தே சொல்லும்," என்றார் புரொபசர், கைக்குட்டைக்குள்ளிருந்து. யுத்தகாலத்து ரயில், கதவிலும் ஜன்னலிலும் ஆள் தொங்கியது. என் பலகையில் மட்டும் யாரும் உட்காரவில்லை. சம்மணம் போட்டு உட்காரக்கூட இடமிருந்தது. நான் காலை நீட்டிக்கொண்டேன்.