அடுப்பில்லாத வேன்

எங்கள் அடையாறு வீட்டு பால்கனியில் மணி பிளாண்ட் தொங்கும் இரும்புக் கொக்கி ஒரு லாரியைத் தாங்கும். நாலு இலைச் செடிக்கு அது அதிகம்தான். மாமனார் அதைப் பட்டறையில் அடிக்கச் சொன்னது வேறு காரியத்துக்கு.

தொண்ணூறுகளின் நடுவில், இன்ஜினீயர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, பழைய மினி பஸ் ஒன்றை வாங்கி ஆழ்வார்பேட்டை வீட்டு வாசலில் நிறுத்தி, உள்ளே இரண்டு கட்டில், கழிப்பறை, சமையலறை எல்லாம் அமைத்தார். 'அப்புறம் போகலாம்' என்று மாமியாரிடம் முப்பது வருடமாகச் சொல்லிவந்த ஊர்களுக்கெல்லாம் இனிப் போவதாகத் திட்டம். கோயில் வீதிகளில் பஸ் நுழையாது. மாமியாருக்கோ முழங்கால் வலி. ஆகவே பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு குட்டி வேனைக் கட்டி இழுத்துப்போய், ஊர் எல்லையில் அவிழ்த்து, சன்னதி வரை அதில் போவது.

வேன் பார்க்க என்னையும் அழைத்தார். கல்யாணமாகி ஆறே மாதமான மாப்பிள்ளை எதையும் மறுத்துப் பேசமாட்டான் என்பதே என் தகுதி. இன்ச் டேப்பின் மறுமுனை என் பொறுப்பு. மாமியாரின் கால் அடுக்களை முக்காலி உயரத்துக்கு மேல் எழும்பாது என்பதால், அந்த முக்காலியையே தூக்கிவந்து ஒவ்வொரு வேனின் கதவருகிலும் வைத்துப் பார்த்தார். தி.நகர் மெக்கானிக் ஒருவர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னா சார், வண்டி வாங்குறீங்களா, ஆட்டுக்குட்டி வாங்குறீங்களா? கட்டி இஸ்துக்கினு போறேன்றீங்க." மாமனார் சிரிக்கவில்லை. வேனின் எடையைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். நான்காவது வேன் முக்காலிக்குச் சரியாக இருந்தது.

வெள்ளோட்டத்தன்று பஸ்ஸும் வேனும் கொக்கியால் இணைந்து தெருவை அடைத்து நின்றன. மாமனார் பஸ்ஸுக்குள் அடுப்பைப் பற்றவைத்துக் காட்டினார். கடுகுக்கு ஒரு தட்டு, சீரகத்துக்கு ஒரு தட்டு. மாமியார் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு கைப்பிடியைப் பிடித்து இறங்கி, பின்னால் நடந்து, வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"என்ன, அங்க போய் உக்காந்துண்டே? நம்ம வண்டி இதுதானே."

"ஆத்துல பண்ற சமையலை இனிமே ஊர் ஊராப் போய்ப் பண்ணணுமா? நான் இதுலயே வரேன். இதுல அடுப்பு இல்லை பாருங்கோ."

முக்காலியைக் கடை கடையாகத் தூக்கிப்போன நாங்கள், அதற்கு உரியவரை ஒரு கடைக்கும் கூட்டிப்போகவில்லை. மாமனார் ஸ்பேனர் எடுத்துவந்து கொக்கியைக் கழற்றினார்.

வேனிலேயே கும்பகோணம், மதுரை, திருநெல்வேலி என்று போனார்கள். ஓட்டலில் சாப்பிட்டார்கள். 'இங்கே ரவா தோசை சுமார்' என்று மாமியாரிடமிருந்து தபால் அட்டைகள் வந்தன. பஸ்ஸில் காக்கைகள் குடியேறின.

கொக்கி என்னிடம் வந்து சேர்ந்தது. தினமும் காலையில் அதில் தொங்கும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். நான் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். எங்கெங்கே போவது என்று விவரமாக ஒரு திட்டம் வைத்திருக்கிறேன். மாமியாரின் பெண்ணிடம் இன்னும் கேட்கவில்லை.