கடல் இல்லாதவர்களின் நற்குணம்

செங்கம் சாலையில் இருந்த எங்கள் வீட்டின் மாடி அறையை அப்பா வெளிநாட்டவர்களுக்கு வாடகைக்கு விடுவார். எழுபதுகளின் கடைசியில் ஒரு சுவிட்சர்லாந்துக்காரர் அங்கே தங்கியிருந்தார். அமைதியான மனிதர். காலையில் எங்கள் ஊர் ஆசிரமத்தில் தியானத்துக்கு உட்கார்ந்துவிட்டு வந்து, மத்தியானம் எங்களோடு சாப்பிடுவார். நான் அப்போது எம்.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இங்கிலீஷ் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் அவர் பேச்சு முழுக்க என் வழியாகத்தான் மற்றவர்களுக்குப் போகும்.

ஒருநாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து மாமா வந்திருந்தார். சாப்பாடு முடிந்ததும், "ஏம்மா, இங்கிலீஷ்காரன் மாதிரி இவரு தேசத்து ஜனங்களும் எங்கியாச்சும் நாடு புடிச்சாங்களானு கேளு" என்றார்.

கேட்டேன். அவர் சிரித்தபடி தலையாட்டினார். ஆசைப்பட்டவர்கள் கப்பலேறிப் போனார்கள். எங்களுக்கு அந்த ஆசை இல்லை, இருப்பது போதும் என்று வாழ்கிறவர்கள் நாங்கள் என்றார்.

தமிழில் சொன்னேன். "அப்ப நல்ல ஜனங்கதான்" என்றார் மாமா. அப்பாவும் ஆமாம் என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "உங்கள் நாட்டுக்குக் கடற்கரை எங்கே இருக்கிறது?" என்று அவரிடம் கேட்டேன்.

அவர் மறுபடி சிரிக்கப் பார்த்தார். நான் விடவில்லை. போர்ச்சுகலும் ஹாலந்தும் இங்கிலாந்தும் கடலோரத்தில் இருந்தன. கப்பல் இருந்தது, கப்பலுக்குப் பணம் போட வியாபாரிகளும் இருந்தார்கள். ஜெர்மனி ஒரே நாடாகச் சேரவே வெகுகாலம் ஆனது, சேர்ந்த பிறகு அதுவும் ஆப்பிரிக்காவுக்கு ஓடியது. ரஷ்யா தரைவழியாகவே பக்கத்து நிலங்களை விழுங்கியது. "உங்கள் ஆட்கள் கூலிப்படையாக டச்சுக்காரர்களிடமும் இங்கிலீஷ்காரர்களிடமும் சேர்ந்து இந்தப் பக்கமெல்லாம் வந்து சண்டை போட்டார்கள்" என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "அது வறுமை. எங்கள் மலைகளில் விளைச்சல் கிடையாது. வயிற்றுக்காகப் போனார்கள்."

"அப்படியானால் கடல் இல்லை, சோறு இல்லை என்று சொல்லுங்கள். நற்குணம் என்று சொன்னால் இனி நான் மொழிபெயர்க்க மாட்டேன்."

அவர் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். நடந்ததை அப்பாவிடம் சொன்னேன்.

"போய் மன்னிப்பு கேளு. நம்ம வூட்டுல தங்கியிருக்கறவரு."

"என்னப்பா தப்பா சொன்னேன்?"

"தப்போ சரியோ, வாய் ஜாஸ்தி உனக்கு."

நான் போகவில்லை. அந்த வாரமே அவர் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் வேறு அறை பார்த்துக்கொண்டு போனார். அப்பா கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு அழுகைகூட வந்தது. ஆனாலும் நான் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்பப் பெற எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து வந்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். இங்கே வரும் வழியில் பாண்டிச்சேரியில் தங்கிவிட்டு வந்திருந்தார். அந்த ஊருக்குத் தங்கள் நாடு செய்த நன்மைகளை ஒருநாள் சொல்ல ஆரம்பித்தார். அப்பா என்னைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தேன்.