ரசத்தில் போட்ட ஊமத்தை

என் வீட்டுக்காரருக்கு மூச்சிழுப்பு உண்டு. ஊமத்தை இலையைக் காயவைத்துப் புகைத்தால் மட்டுப்படும்னு கிரிவலத்தில் கூட நடந்த யாரோ சொல்லியிருக்கிறார்கள். பீடி வாசமே ஆகாத மனுஷன் இவர். புகைக்க மனசு வராமல், நான் கடைக்குப் போன நேரம் பார்த்து இலையை ரசத்தில் போட்டுக் குடித்துவிட்டார்.

திரும்பி வந்து பார்த்தால், வாய் குழறி, காற்றில் எதையோ பறித்துக்கொண்டிருக்கிறார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். "விஷம்மா இது. தெளிஞ்சாத்தான் எதுவும் சொல்ல முடியும்" என்றார் டாக்டர்.

கட்டிலோரம் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். வெடுக்கென்று உருவிக்கொண்டார்.

"யாருங்க நீங்க? என் பொண்டாட்டி பார்த்தா சும்மா விடமாட்டா."

அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது எனக்கு. "அவங்க எங்கங்க?" என்று கேட்டேன்.

"வீட்ல இருக்கா. அவகிட்ட சொல்லிடாதீங்க. பயந்துட்டா சோறு எறங்காது அவளுக்கு."

மறுநாள் மத்தியானம் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார். இன்னும் யாரோ எவரோ என்றுதான் நினைக்கிறாரோ என்று, கையைத் தொடாமல் எட்டியே நின்றேன்.

"ஏன்டி தள்ளி நிக்குற?" என்றார். "சாப்டியா?"