என் வேடத்தில் மலையேறியவர்

தணிகாசலம் வாத்தியார் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கச்சிராயபாளையத்தில், என் தங்கை வீட்டுக் காதுகுத்தில், கோமுகி அணையை ஒரே மூச்சில் நீந்திக் கடந்த என் வீர சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கதையில் அப்போதுதான் முதலை வந்திருந்தது. அணையில் முதலை கிடையாது. என் கதையில் உண்டு, பதினெட்டு அடி. செல்போன் அடித்தது. "சார், அப்பா காலையில தவறிட்டாருங்க" என்றான் அவர் மகன். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"பாரு, மாமா ஆரம்பிச்சிட்டாரு!" என்றாள் தங்கை மகள். "இன்னா மாமா, முதல கடிச்சிட்ச்சா?"

பந்தலே சிரித்தது. "என்கூட வேலை பார்த்தவர் செத்துப்போயிட்டாரும்மா" என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். போனை அவள் காதில் வைத்த பிறகுதான் சிரிப்பு நின்றது. ஒரு மனிதன் நிஜமாகக் கலங்கினாலும் ஊர் கைதட்டுகிற அளவுக்கு என் புகழ் மூவுலகும் பரவியிருக்கிறது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். பெருமையாக இல்லை.

அவரோடு வேலை பார்த்தவர்களும் அவரிடம் படித்தவர்களும் இதைப் படிப்பீர்கள். அவர் நினைவு மலருக்காக, அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படிதான் கேட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் அதில் ஒன்று என்னைப் பற்றிக் கெட்டதாக வராமல் எழுத முடியாது.

கல்வராயன் மலைமேல் ஒரு பள்ளியில் நாங்கள் இருவரும் பதினோரு வருஷம் ஒன்றாக இருந்தோம். நான் கணக்கு. அவர் சமூக அறிவியல். என்னைவிட நான்கு வயது சிறியவர் என்பதால் "அண்ணே" என்பார். அவர் வந்து சேர்ந்த முதல் வாரம் எட்டாம் வகுப்பு வாசலைக் கடந்தபோது உள்ளே பார்த்தேன். நாற்பது பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று, வாய் திறக்காமல், மெதுவாகக் கையை உயர்த்துகிறார்கள், தாழ்த்துகிறார்கள், கழுத்தைச் சாய்க்கிறார்கள். தலைமையாசிரியர் அறைக்கு ஓடினேன். "சார், எட்டாவது முழுக்க சாமி வந்துட்ச்சு. வேப்பிலைக்கு ஆள் அனுப்புங்க" என்றேன்.

அது கண்ணாடிப் பயிற்சியாம். ஒருவர் செய்வதை எதிரே நிற்பவர் கண்ணாடி பிம்பம்போல அதே நேரத்தில் செய்ய வேண்டும். இளம் வயதில் ஒரு நாடகக்குழுவோடு சில வருஷம் சுற்றியவர் அவர். அங்கே நடிகர்களுக்குக் கொடுக்கிற பயிற்சிகளை வகுப்புக்குக் கொண்டுவந்திருந்தார். "எதிர்ல நிக்கிறவன முழுசா பாக்கக் கத்துக்கினா போதும்ண்ணே. மத்த பாடமெல்லாம் தானா வரும்" என்றார். ஆசிரியர் அறையில் அன்று மாலையே 'தணிகாசல விலாச நாடக சபா'வை நான் துவக்கிவைத்தேன். அவர் நடப்பது, மூச்சை இழுப்பது, "வயித்துலேர்ந்து பேசு" என்பது எல்லாவற்றையும் செய்து காட்டினேன். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "மூச்சு மட்டும் தப்புண்ணே, தோள் தூக்கக்கூடாது" என்று திருத்தவும் செய்தார்.

அகில உலகக் கணித சக்கரவர்த்தியாகிய என் வகுப்பில் பிள்ளைகள் கண் திறந்தபடியே தூங்குவார்கள். மீச்சிறு பொது மடங்கு நடத்தி நானே கொட்டாவி விட்ட ஒரு நாளில் தணிகாசலம் எட்டிப்பார்த்தார். "வெளிய கூட்டிக்கினு வாங்கண்ணே" என்றார். மைதானத்தில் சுண்ணாம்பால் கோடுகள் போட்டார். ஒருவனை இரண்டிரண்டு கோடாகவும் இன்னொருத்தியை மூன்று மூன்று கோடாகவும் தாண்டச் சொன்னார். இருவரும் ஒரே கோட்டில் வந்து குதித்தபோது மற்றவர்கள் "ஆறு!" என்று கத்திய கத்தலில் மலையிலிருந்த குரங்கெல்லாம் சேலம் ஜில்லாவுக்குக் குடிபெயர்ந்தன. அடுத்த மாதம் ஆய்வுக்கு வந்த அதிகாரி அதைப் பார்த்து வியந்து, "யார் யோசனை?" என்று கேட்டார். "அடியேன்தான்" என்றேன். தணிகாசலம் பக்கத்தில்தான் நின்றார். ஆமாம் என்று தலையாட்டினார். அன்று எனக்கு வெட்கமாக இல்லை. அதிர்ஷ்டமாகத் தோன்றியது.

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

மலைப்பிள்ளைகள் மேலே படிக்க வேண்டுமென்றால் சாதிச் சான்றிதழ் வேண்டும். அதற்குத் தாலுகா ஆபீசுக்குப் போக வேண்டும். அப்பாக்கள் ஒருநாள் வேலையை விட்டு இறங்கிப் போவார்கள், வராந்தாவில் நிற்பார்கள், யாரோ "அப்பறம் வா" என்றால் ஒன்றும் கேட்காமல் அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிடுவார்கள். தணிகாசலம் இதையே பாடமாக்கினார். பத்தாம் வகுப்பு அறையில் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு ஆபீஸ் ஆக்கினார். ஒருவர் குமாஸ்தா, ஒருவர் மனு கொடுப்பவர். உள்ளே வருவது, நிற்பது, முகத்தைப் பார்ப்பது, கேட்க வேண்டியதை நாலு வாக்கியத்தில் கேட்பது, "அப்பறம் வா" என்றால் "எந்தத் தேதிங்க?" என்பது. மூன்று வாரம் இதுதான் ஒத்திகை. ஒரே ஒரு சட்டம். யாருக்காவது தாங்கவில்லையென்றால் ஒரு தடவை கைதட்டலாம். தட்டினால் எல்லாரும் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். "அடுத்தவங்களா நிக்கறதுக்குத்தான் நடிப்பு. அடுத்தவங்கள மிதிக்கறதுக்கு இல்ல" என்று முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார்.

அந்த வகுப்பில் அலமேலு என்று ஒரு பெண். பேசவே மாட்டாள். திங்கட்கிழமை அப்பாவோடு நிஜ ஆபீசுக்குப் போகிறாள் என்பதால் வெள்ளிக்கிழமை கடைசி ஒத்திகை. பிள்ளைகளே குமாஸ்தாவாக நடித்துப் பழகிவிட்டது, வயதில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்தால் நல்லது என்று தணிகாசலம் என்னைக் கேட்டார். கேட்க வேண்டுமா! மூக்குக்கண்ணாடியை நுனி மூக்கில் தொங்கவிட்டேன். துண்டை உதறினேன். சிம்மாசனத்தில் அமர்ந்தேன்.

"இன்னா வோணும்?"

"சாதி சர்டிபிகேட்டுங்க."

"வாயில இன்னா, கொழுக்கட்டையா? காதுல விழல!"

பிள்ளைகள் சிரித்தார்கள். அலமேலு ஒரு மூச்சு இழுத்தாள். தோள் தூக்கவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்து, "ஐயா, எம் பேரு அலமேலு. பத்தாவது படிக்கறேன். மனு குடுத்து ரெண்டு மாசம் ஆவுது. என்னிக்கு வந்தா கெடைக்கும்னு தேதி சொல்லுங்க" என்றாள்.

வகுப்பு அமைதியாகிவிட்டது. மூன்று வாரத்து உழைப்பு அந்த நாலு வாக்கியம். நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: ஒரு தேதி சொல்ல வேண்டும். ஆனால் சிரிப்பு நின்றுவிட்டதே! எனக்கு அது பொறுக்கவில்லை. "உங்கப்பன் எங்க? வாசல்லயே நிக்கிறானா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தேன். அவள் அப்பா முந்தைய வாரம் பள்ளிக்கு வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, படி ஏறாமல், ஒரு கையால் இன்னொரு முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூனி நின்றதை நான் பார்த்திருந்தேன். அப்படியே நின்று காட்டினேன். எப்போதும்போல ஒன்றுக்குப் பத்தாக்கிக் காட்டினேன்.

சிரிப்பு அலைமோதியது. ஒரு கைதட்டல் கேட்டது. தணிகாசலம். எனக்குக் கேட்டது, நான் நிறுத்தவில்லை. அவர் மறுபடி தட்டினார். நான் கூன் முதுகோடு இரண்டு பெஞ்சையும் சுற்றி ஒரு வலம் வந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அலமேலு அறையில் இல்லை.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்கு வரவில்லை. ஆபீசுக்கும் போகவில்லை. அவள் அப்பா மனுவின் நகலைக் கிழித்துப்போட்டுவிட்டார், இனி அனுப்ப மாட்டாராம் என்று அந்த ஊர்ப் பிள்ளைகள் சொன்னார்கள். தலைமையாசிரியர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "இன்னாய்யா நடந்தது?"

"எங் கிளாஸ்ல நடந்ததுங்க சார். நான் குடுத்த பயிற்சி. எந் தப்பு" என்றார் தணிகாசலம்.

நான் அங்கேதான் இருந்தேன். கையில் விடைத்தாள் கட்டு இருந்தது. மேலே இருந்த தாளில் யாருக்கோ ஐந்து மதிப்பெண்ணா ஆறா என்று மிகத் தீவிரமாக யோசித்தேன். "இனிமே இந்தக் கூத்தெல்லாம் வேணாம். புஸ்தகத்த நடத்து" என்று உத்தரவாயிற்று. அந்தத் தலைமையாசிரியர் மாறிப் போகும்வரை, இரண்டு வருஷம், தணிகாசலம் கையைக் கட்டிக்கொண்டு பாடம் நடத்தினார். அந்தக் கட்டிய கைகளைத் தினமும் பார்த்தேன்.

வெளியே வந்ததும் அவர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "அண்ணே, அந்தப் பொண்ணு வூட்டாண்ட ஒருக்கா வர்றீங்களா? அவங்கப்பாகிட்ட ஒரு வார்த்த சொன்னா போதும்."

"மூட்டுவலிப்பா. அந்த ஏத்தம் ஏற முடியாது" என்றேன். முந்தின மாதம்தான், தோளில் ஒரு கன்றுக்குட்டியோடு மலையையே சுற்றி ஓடியதாக அவரிடம் அளந்திருந்தேன். "சரிண்ணே, ஒடம்ப பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனார்.

வியாழக்கிழமை அலமேலு வகுப்பில் இருந்தாள். எப்படி வந்தாள் என்று நான் கேட்கவில்லை. தானாகச் சரியாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் கட்டுக்கதைகளிலேயே பெரியது அதுதான்.

காதுகுத்து வீட்டிலிருந்து நேரே, சின்னசேலம் பக்கத்தில் தணிகாசலம் வீட்டுக்கு மாலையோடு போய்ச் சேர்ந்தேன். கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். "சார், என்ன தெரியுதுங்களா? அலமேலு." நர்சாக இருக்கிறாளாம். அப்பா மலையில் சௌக்கியமாம். அவளே தொடர்ந்தாள்.

"அன்னிக்கு எங்க வூட்டுக்கு வரணும்னு கெளம்பி, ஏத்தத்துல மூட்டு புடிச்சிக்கினு பாதியில ஒக்காந்துட்டீங்களாமே. சார்தான் சொன்னாரு."

"எ... எப்படிம்மா சொன்னாரு?"

"எங்க சொன்னாரு? நடிச்சே காட்டினாருங்க! உங்க நடை, துண்ட ஒதர்றது, அப்பிடியே நீங்கதான். மூணு நாளா பேசாத மனுசன் எங்கப்பா, சிரிச்சிட்டாருன்னா பாருங்களேன். அப்புறம் சார் எங்கப்பா கையப் புடிச்சிக்கினு, உங்க கொரல்லயே, 'உன்ன மாதிரி நின்னு காட்டினது நான் பண்ண தப்புய்யா, மனசுல வெச்சிக்காத, பொண்ண அனுப்பு'ன்னாரு. கண்ணுல தண்ணி. கணக்கு வாத்தியாரு பாதி வழியில ஒக்காந்து இப்பிடித்தான் அழுவுறாருன்னாரு. அதுக்கோசரந்தான் சார் எங்கப்பா என்ன அனுப்பினாரு. இல்லாங்காட்டி நான் மரவள்ளிக் காட்டுலதான் இருந்திருப்பேன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளிடம் அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஊர்க் கூட்டத்தையே வாயால் கட்டிப்போடுகிற நான், "ஆமாம்மா" என்றேன். "ரொம்பக் கஷ்டமாயிட்ச்சும்மா அன்னிக்கு" என்று ஒரு வாக்கியம் கூடவே சேர்த்துக்கொண்டேன். அவர் உடல் பத்தடி தூரத்தில் கிடந்தது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அலமேலு, அன்று நான் கிளம்பவே இல்லை. பாதி வழியில் உட்காரவும் இல்லை, அழவும் இல்லை. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தேன். உன் அப்பா கையைப் பிடித்துக் கலங்கிய அந்தக் கணக்கு வாத்தியார் நான் இல்லை. என்னைவிட நல்லவனாக என்னை நடித்துக் காட்டியது தணிகாசலம். ஒன்றைப் பத்தாக்குவது என் தொழில். இல்லாத ஒன்றை என்னிடம் இருப்பதாக ஒரே ஒரு தடவை அவர் காட்டினார். அதை வைத்து ஒரு பெண் படித்து முடித்தாள்.

அவரிடமிருந்து என் கையில் மிஞ்சியிருப்பது, நான் கேட்காத அந்த மன்னிப்பு. இத்தனை வருஷமும் அது என் பெயரில் உன் வீட்டில் இருந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலை பஸ்ஸில் வருகிறேன். அப்பாவிடம் சொல்லி வை. என்ன பேசுவதென்று ஒத்திகை எதுவும் பார்க்கவில்லை.