தூக்குவாளி இல்லாமல் வந்த சூர்யகலா

மரக்காணம் உப்பளத்தில் பாஞ்சாலை செட்டு என்று கேட்டுப் பாருங்கள், சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இருந்தாலும் இருபது பெண்களைக் கூட்டிப்போய்ப் பாழான பாத்தியையும் எழுப்பிக் கொடுத்திருக்கிறேன். நானாகச் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது. ஆனால் இப்போது சொல்லவந்தது சூர்யகலாவின் கதை. அவளை என் செட்டுக்குப் பொறுக்கி எடுத்தவளும் நான்தான் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அவள் அப்பா சிங்காரம் லாரிக்கு உப்பு மூட்டை ஏற்றுகிறவர். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. பாத்தித் தரை இறுக மிதிப்பதில் கால் ஓயாது, வாயும் ஓயாது. பக்கத்து உப்பளம் பலராமன் குத்தகைக்கு எடுத்தது. அவர் மகன் வெற்றிச்செல்வன் பட்டாளத்தில் இருந்தான். இரண்டாயிரத்து நாலில் லீவில் வந்தவன், வீட்டில் படுத்துக் கிடக்காமல் அப்பாவோடு உப்பு வாரினான். வாரும் பலகை பாத்தியில் இருக்கும், கண் எங்கள் பக்கம் இருக்கும். நாங்கள் பண்ணின கிண்டலுக்கு வேறு ஒருவனாக இருந்தால் ஓடியே போயிருப்பான். கிளம்பும் நாளில் வரப்பு ஓரமாக வந்து, திரும்பி வரும்வரை இருப்பாயா என்று அவளிடம் கேட்டான். உப்பளத்தை விட்டு எங்கே போகப் போகிறேன் என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அது சம்மதமா, சும்மா சொன்னதா என்று எங்களுக்கும் தெரியாது, அவனுக்குத் தெரிந்ததா என்றும் தெரியாது.

அவனைக் காஷ்மீருக்கு அனுப்பினார்கள். போர் என்று பேப்பரில் போடவில்லை. ஆனால் மகனை எல்லைக்கு அனுப்பிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்த அவன் அம்மா வசந்தாவுக்கு அது போர்தான்.

அந்த டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. உப்பளம் முழுக்கச் சேறு. வரப்போடு அடித்துப்போன பலராமனுக்குக் கால் முறிந்தது. பங்குனிக்குள் உப்பு எடுக்காவிட்டால் குத்தகை கைமாறிவிடும். ஆண்கள் பாதிப்பேர் நிவாரண வரிசையிலும், மீதிப்பேர் வேறு ஊர் வேலையிலும் இருந்தார்கள். வசந்தா என்னிடம் வந்தாள். வேறு யாரிடம் போவாள்? என் செட்டை இறக்கினேன்.

எங்கள் செட்டில் ஒரு வழக்கம் உண்டு. கூலிக்கு வருகிறவள் தன் சோற்றைத் தூக்குவாளியில் கொண்டுவருவாள். உப்பளத்துக்காரர் வீட்டிலிருந்து வரும் சட்டியில் அந்த வீட்டுப் பெண்கள் மட்டும்தான் சாப்பிடுவார்கள். மோர் கொடுத்தால் வாங்கிக் குடிப்போம், சோற்றில் கை வைக்க மாட்டோம்.

மாசி பிறந்தது. சிங்காரம் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். பெரிய முதலியார்சாவடிப் பையன், ஆரோவில்லில் ஒயரிங் வேலை. வெள்ளிக்கிழமை வெற்றிலை பாக்கு மாற்றுவதாகப் பேச்சு. அதற்கு இரண்டு நாள் முன்னால் சூர்யகலா கையை வீசிக்கொண்டு வேலைக்கு வந்தாள்.

மத்தியானம் எல்லாரும் வாளியைத் திறந்தோம். சுலோசனா சும்மா இருப்பாளா?

“ஏன்டி, வாளிய பஸ்லயே வுட்டுட்டியா?”

“இல்லக்கா. இன்னிலேர்ந்து எடுத்தாரல.”

சொல்லிவிட்டுக் கையைக் கழுவி வசந்தாவின் சட்டிக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். வசந்தாவின் அகப்பை சட்டிக்குள்ளேயே இருந்தது.

“எம்புள்ள ஒரு வார்த்த சொல்லலியேடி,” என்றாள்.

“அவரு சொல்றப்ப சொல்லட்டும். எனக்குப் பசிக்குது அத்த.”

வசந்தா சட்டி மூடியைத் திருப்பி வைத்து, அதில் சோற்றைப் போட்டாள்.

சாயங்காலத்துக்குள் ஊருக்கெல்லாம் தெரிந்தது. முதலியார்சாவடிக்காரர்கள் வரவில்லை. சிங்காரம் மகளோடு பேசுவதை நிறுத்தினார். அவள் கூலி வாங்குவதையும் நிறுத்தினாள். வெற்றிச்செல்வனுக்கோ எதுவும் தெரியாது. அவன் முடியாது என்றுவிட்டால் அவளுக்கு இந்த வீடும் இல்லை, வேறு மாப்பிள்ளையும் வர மாட்டான். அந்த நேரம் பார்த்துக் காஷ்மீரில் பனி சரிந்து ஆட்கள் செத்ததாக டிவியில் காட்டினார்கள். வாரம் ஒருமுறை வந்துகொண்டிருந்த போன் நின்றுபோனது.

அவள் எதையும் கேட்கவில்லை. முன்வரிசையில் நின்று மிதித்தாள். இடுப்பில் கைகோத்து இருபது பேரும் ஒரே தாளத்தில் பாத்தி மிதித்த அந்தக் காலை நேரங்களை இன்று நினைத்தாலும் என் பாதம் குறுகுறுக்கிறது. எத்தனையோ உப்பளம் எழுப்பியிருக்கிறேன், அப்படி ஒரு மிதி பிறகு அமையவில்லை. பங்குனியில் தண்ணீர்மேல் வெள்ளை ஆடை கட்டியது. முதல் உப்பை அவள்தான் வாரினாள். குத்தகை கைவிட்டுப் போகவில்லை.

அதே வாரம் போன் பூத்துக்காரர் பக்தவச்சலம் ஆள் அனுப்பினார். பட்டாளத்துப் பையன் பேசினான், ஆறு மணிக்கு மறுபடி பேசுவானாம். வசந்தா போனாள், நானும் போனேன். சூர்யகலா பூத்துக்குள் வராமல் வெளியே பெட்டிக்கடைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

வசந்தா முதலில் அழுதாள். பிறகு அப்பா கால், உப்பளம், பாத்தி எல்லாம் சொன்னாள். கடைசியாகச் சூர்யகலா சட்டியில் கை வைத்ததைச் சொன்னாள். நானும் காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். வசந்தா போனைத் தட்டினாள்.

“டேய், இருக்கியாடா?”

“எப்பலேர்ந்து நம்ம சோறு துன்றா?”

“மாசி பொறந்ததுலேர்ந்து.”

“அப்புறம் ஏம்மா இன்னும் போன நீயே வெச்சினுகிற? அவகிட்ட குடு.”

நான்தான் வெளியே போய் அவள் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். போனை வாங்கி வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் என்ன சொன்னான் என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, என்னிடம்கூட. பிறகு அவள் குரல் மட்டும் கேட்டது.

“வைகாசியா? வைகாசில உப்பு வாரவே ஆள் பத்தாதுங்க. மழையெல்லாம் முடிஞ்சி வாங்க.”

தை மாதம்தான் கல்யாணம் நடந்தது. பட்டாளத்துக்காரனுக்காகக் காத்திருந்த பெண்கள் ஊருக்கு ஊர் உண்டு. பட்டாளத்துக்காரனையே காக்கவைத்தவள் என் செட்டுப் பெண்.