மாம்பழ ஜூஸின் அரபுப் பக்கம்

போன சனிக்கிழமை என் மகள் டேப்லெட்டில் ஏதோ ஒரு ஷூ கம்பெனியின் லோகோவைப் போட்டு, பொத்தானை அமுக்கி, அதை அரபு எழுத்தாக மாற்றிக் காட்டினாள். "ஸீ அப்பா, ஸோ ஈஸி" என்றாள். குடித்துக்கொண்டிருந்த காப்பி கசந்துவிட்டது. குழந்தை மேல் எனக்கென்ன கோபம்? இது வேறு ஆட்கள் மேல் உள்ள பழைய கோபம். இன்னும் ஆறவில்லை, பாருங்கள்.

காப்பி என்றால் எனக்கு நாதியா ஞாபகம்தான். சான் ஹோசேயில் நான் முதலில் வேலை பார்த்த டிசைன் ஸ்டுடியோவில் பக்கத்து மேஜைக்காரி, ஜோர்டான்காரி. ஏலக்காய் போட்ட காப்பியைக் குட்டிக் கோப்பையில் தருவாள். ஃபில்டர் காப்பிக்குப் பழகிய நான் முதல் நாள் அடிவண்டலையும் சேர்த்து விழுங்கி இருமியதை ஆபீஸே வேடிக்கை பார்த்தது.

அமெரிக்கக் கம்பெனிகளின் லோகோக்களை அரபியில் எழுதுவது அவள் வேலை. பென்சிலால் தாள் தாளாக வரைவாள். ஆங்கிலத்தில் நிற்கிற கோடு தடிமன், அரபியில் படுத்திருக்கிற கோடு தடிமன். ஆகவே இரண்டும் அண்ணன் தங்கை மாதிரி, அண்ணன் ஜாடை தங்கைக்கு வரலாம், அண்ணன் மூக்கை அறுத்துத் தங்கைக்கு ஒட்டக்கூடாது என்பாள்.

எங்கள் மேனேஜர் சுந்தருக்கு அறுத்து ஒட்டுவதுதான் தொழில். கோயம்புத்தூர்க்காரர். அரபியில் ஓர் எழுத்து தெரியாது, ஆனால் கருத்து மட்டும் நிறைய உண்டு.

ஒரு மாம்பழ ஜூஸ் லோகோ வந்தது. ஜோர்டானுக்கும் போகிற ஜூஸ். நாதியாவின் அப்பா அங்கே மளிகைக்கடை வைத்திருந்தார். மகள் எழுதிய எழுத்து அவர் கடையிலேயே நிற்கப்போகிறது. வாரக்கணக்காக அவளுக்கு வேறு பேச்சே இல்லை. அவள் எழுதியதை நான் பார்த்தேன். படிக்கத் தெரியாத எனக்கே வாயூறியது.

கிளையண்ட் அம்மாள் திரையில் நாதியா எழுதியதன் மேல் ஆங்கில லோகோவை வைத்துப் பார்த்து, அரபு எழுத்தின் வால் ஏன் கோட்டுக்குக் கீழே தொங்குகிறது என்று கேட்டாள். சுந்தர் உடனே ஆங்கில எழுத்துகளைக் கவிழ்த்து, வெட்டி, புள்ளி வைத்து, அரபு மாதிரி அவரே ஒன்று செய்துவிட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானும் நாதியாவும் சன்னிவேல் ஹலால் கடைக்கு அதை எடுத்துக்கொண்டு ஓடினோம். கடைக்காரர் ஈராக்கியர். கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். இது உங்கள் ஊர் எழுத்தா என்று என்னைக் கேட்டார்.

நேராகச் சுந்தரிடம் போனேன்.

"யாராலயும் படிக்க முடியல, சுந்தர்."

"அட விடுப்பா. கிளையண்ட் அப்ரூவ் பண்ணியாச்சு. பாக்கறவனுக்கு அரபி மாதிரி ஃபீல் வந்தா போதும்."

"தமிழை இப்படி வெட்டுனா ஒத்துக்குவீங்களா?"

"தமிழ் வேற."

"என்ன வேற?"

மானிட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். லைப்ரரியில் பொங்கல் நோட்டீஸில் தமிழ் எழுத்தின் கொம்பும் காலும் தனித்தனியே பிரிந்து கிடந்ததற்கு ஒரு பக்கத்துக்குப் புகார் மெயில் அனுப்பிய அதே மனிதர். அன்று நான் கதவை அறைந்து சாத்தியதில் கண்ணாடி விரிசல் விடாதது என் அதிர்ஷ்டம்.

பாட்டில்கள் ஜோர்டான் போய்ச் சேர்ந்தன. ஒரு நாள் நாதியா போனை வைத்துவிட்டு, அழாமல், சாதாரணமாகச் சொன்னாள். அப்பா அரபுப் பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி, ஆங்கிலப் பக்கம் தெரிகிற மாதிரி அடுக்கியிருக்கிறாராம். பிறகு, இதில் நீ எழுதியது எங்கே இருக்கிறது என்று கேட்டாராம்.

அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டாள். இப்போது டெக்சாஸில் ரியல் எஸ்டேட்டில் வீடு விற்கிறாள். பென்சில் எடுப்பதில்லை என்றாள், நானும் மேலே கேட்கவில்லை. ஸ்டுடியோ இருந்த இடத்தில் பல் டாக்டர் இருக்கிறார்.

அந்த ஜூஸ் மட்டும் இன்னும் ஜோர்டானுக்குப் போகிறது. பாட்டிலில் அரபு எழுத்து கிடையாது. எடுத்துவிட்டார்கள். அங்கே யாரும் அதைப் படிப்பதில்லை என்று காரணம் சொன்னார்களாம்.